அகன்ற எழுத்தும் நீண்ட பெயரும்

நாவல் வாசிக்கிறவர்களுக்கு எழுத்தின் வடிவத்தைப் பற்றிக் கவலை இருக்க நியாயமில்லை. கதாநாயகி கிணற்றடியில் நின்று அழுகிறாள் என்றால் அவளுடைய துக்கம்தான் நம் மனசில் தைக்க வேண்டும். 'அழுகிறாள்' என்ற சொல்லில் ழகரத்தின் வால் எப்படி வளைகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டோமானால், ஒன்று கதை மோசம், இல்லையென்றால் அச்சு மோசம். நல்ல அச்செழுத்து நல்ல சமையற்காரரைப் போன்றது. விருந்தாளிகள் முன்னால் வந்து நிற்காது. இலையில் விழுகிற பண்டத்தை வைத்துத்தான் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று நாம் ஊகிக்க வேண்டும்.

புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினால் இந்த நியாயம் செல்லாது. அங்கே எழுத்து சந்தையில் நின்று கூவுகிறது. நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்குக் கடற்கரையை ஒட்டிய சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், ராஜாக்கமங்கலம், அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி என்று வழி நெடுக இரண்டு பக்கத்துப் போர்டுகளையும் படித்துக்கொண்டே போகலாம். ஜவுளிக்கடைக்கு ஒரு மாதிரி எழுத்து, மருந்துக் கடைக்கு ஒரு மாதிரி, கல்யாண மண்டபத்துக்குப் பூவும் கொடியும் சுற்றிய ஒரு மாதிரி. இவற்றுக்கு நடுவே சமீப வருஷங்களில் ஒரு புதிய ஜாதி எழுத்து வந்து குடியேறியிருக்கிறது. மொபைல் கடை, ஜிம், கம்ப்யூட்டர் சென்டர், பாட்டரி ஸ்கூட்டர் விற்கிற இடம் ஆகியவற்றின் நெற்றியில் அதைப் பார்க்கலாம். உயரம் குறைவு, அகலம் ஜாஸ்தி. வட்டமாக இருக்க வேண்டியதெல்லாம் மூலை மழுங்கிய பெட்டியாக இருக்கும். தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் கிடையாது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்த மாதிரி எங்கும் ஒரே கனம். "இது நாளைக்கு வரப்போகிற காலத்தின் கடை; உங்களுக்காக இன்றைக்கே திறந்து வைத்திருக்கிறோம்" என்று அந்த எழுத்து சொல்லுகிறது.

அது சொல்லுவது வாஸ்தவமா என்று விசாரிப்பதுதான் என் உத்தேசம். இது சித்திரக்காரர்களும் அச்சாபீஸ்காரர்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எழுத்து பொதுச் சொத்து. சாப்பிடுகிறவனுக்கு உப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டென்றால், படிக்கிறவனுக்கும் எழுத்தைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு.

முதலில் இந்த எழுத்தின் பூர்வோத்தரத்தைப் பார்த்துவிடலாம். ரோமன் எழுத்துகளின் முனைகளில் சின்னக் கொடுக்குப் போல ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அதற்கு ஸெரிப் என்று பெயர். அந்தக் கொடுக்கை நறுக்கிவிட்ட எழுத்து ஸான் ஸெரிப். அச்சு வார்ப்பில் அது முதன்முதலாக 1816-ல் லண்டனில் வில்லியம் காஸ்லன் என்ற பரம்பரை வார்ப்பாளரின் மாதிரிப் புத்தகத்தில் தலைகாட்டியது. அதற்குப் பிறகு அதை நீட்டியும் குறுக்கியும் அகட்டியும் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். 1930-ல் அமெரிக்காவில் மாரிஸ் புல்லர் பென்டன் என்பவர் அகலமான, பெட்டி போன்ற எழுத்து ஒன்றை வரைந்தார். அதற்கு 'பாங்க் காதிக்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கவனியுங்கள். பாங்கிக்காரருடைய விஸிட்டிங் கார்டில் அச்சடிக்கத் தக்க கௌரவமான எழுத்து என்பதுதான் அதன் தொனி. அதே எழுத்தைப் பிற்காலத்தில் விண்வெளிச் சினிமாப் படங்களின் போஸ்டர்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுத்து ஒரு கோடுகூட மாறவில்லை. நேற்று பாங்கி, இன்று விண்கலம். அகலத்துக்குள் எதிர்காலம் ஒன்றும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எந்தக் கூட்டாளியோடு சேர்ந்து நிற்கிறதோ அந்தக் கூட்டாளியின் குணம் எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது.

எதிர்காலத்தின் எழுத்து என்று உலகம் ஒப்புக்கொண்டது இத்தாலியில் பிறந்தது. டூரின் நகரத்தில் நெபியோலோ என்ற எழுத்து வார்ப்படசாலை. அங்கே அலெஸ்ஸாண்ட்ரோ புட்டி, ஆல்டோ நோவரேஸே என்ற இருவர் 1952-ல் 'மைக்ரோகிராம்மா' என்ற எழுத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் ஓ என்ற எழுத்து வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அந்நாளைய டெலிவிஷன் பெட்டியின் திரை எப்படி நான்கு பக்கமும் லேசாகப் புடைத்திருந்ததோ அந்த வடிவம். மைக்ரோகிராம்மாவில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் உண்டு. பத்து வருஷம் கழித்து, 1962-ல், நோவரேஸே அதற்குச் சின்ன எழுத்துகளையும் சேர்த்து 'யூரோஸ்டைல்' என்று வெளியிட்டார். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தை எடுத்தபோது ஹால் என்ற கம்ப்யூட்டரின் திரைகளில் இந்த எழுத்தின் அகன்ற வடிவம் மின்னியது. அன்றுமுதல் விண்கலத்துக்குள் நுழைகிற சினிமாக்காரர்கள் எல்லாரும் இதையே கையில் பிடித்துக்கொண்டு நுழைகிறார்கள்.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படம் வந்த அடுத்த வருஷமே, 1969-ல், மனிதன் மெய்யாகவே சந்திரனுக்குப் போய்விட்டான். அங்கே விட்டுவிட்டு வந்த உலோகத் தகட்டில் பொறித்த எழுத்து எது தெரியுமா? ஜெர்மானியரான பால் ரென்னர் வரைந்து 1927-ல் வெளிவந்த 'ஃப்யூச்சுரா'. அப்போது அதற்கு நாற்பத்திரண்டு வயது. ஃப்யூச்சுரா என்றாலே எதிர்காலம் என்று அர்த்தம் என்பது வேறு விஷயம். அந்த எழுத்தில் அகட்டல் ஒன்றுமில்லை. வட்டமும் முக்கோணமும் நேர்கோடுமாக அடக்கமாக நிற்கும். சினிமாவில் சந்திரனுக்குப் போனவர்களுக்கு அகலம் தேவைப்பட்டது. நிஜமாகப் போனவர்களுக்குப் படிக்கக்கூடியதாக இருந்தால் போதும் என்று பட்டிருக்கிறது.

எதிர்காலம் சீக்கிரம் பழசாகிப் போகும் சரக்கு. இதை மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், இங்கிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனஸைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனஸைட்டிலிருந்து தோரியம் கிடைக்கும். தோரியம் இருந்தால் காஸ் விளக்கின் மேண்டில் பளீரென்று எரியும். அன்றைக்கு ஐரோப்பாவில் எதிர்காலம் என்றால் காஸ் விளக்குதான். வள்ளியாறு கடலில் கலக்கிற இந்த ஊர், சீமைத் தெருக்களின் எதிர்காலத்துக்கு மணல் அனுப்பியது. பிறகு மின்சாரம் வந்தது. மேண்டில் கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் சுமந்து போகிற பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நின்றது. இப்போது அதுவும் இல்லை. அப்புறம் அதே தோரியம் அணுசக்தியின் எதிர்காலமாயிற்று. ஹோமி பாபா 1950-களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தோரியத்தை நம்பித்தான் இருக்கிறது. அந்தக் கட்டம் இன்னும் வந்து சேரவில்லை. ஊரில், முன்பு இந்தியன் ரேர் எர்த்ஸ் என்று பெயர் கொண்டிருந்த ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் மணல் ஆலை இருக்கிறது. கருமணலைச் சலித்துத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே மணல், எதிர்காலம் மட்டும் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டு போகிறது. 1952-ன் எழுத்து இன்றைக்குக் காட்டுவது நம்முடைய எதிர்காலத்தை இல்லை. 1960-களில் இருந்தவர்கள் கண்ட கனவை அது காட்டுகிறது. அந்தக் கனவு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வாங்கி மாட்டுகிற கடைக்காரர், தாம் புது நாற்காலி வாங்கவில்லை, நல்ல பழைய நாற்காலி வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் நல்லது.

இதே மணலில் இல்மனைட் என்று இன்னொரு சரக்கு உண்டு. இல்மனைட்டிலிருந்து எடுக்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடுதான் வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை கொடுக்கிறது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக ஊர்ப்பெயர் தெரிகிறதே, அந்த வெள்ளைக்கு மூலப்பொருள் இந்த மாதிரிக் கடற்கரைகளில்தான் கிடக்கிறது. ஆகவே வெள்ளை எழுத்தைப் பற்றிப் பேசும் உரிமை மணவாளக்குறிச்சிக்கு மற்ற ஊர்களைக் காட்டிலும் ஒரு பிடி அதிகம்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்துக்கு ஸெரிப் கிடையாது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே கனம்தான். கீறிவிட்டு மை தடவினால் கோடு கறுத்துத் தெரியும். சுசீந்திரம் கோவிலில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உளியும் அதே ஒற்றைக் கனத்தில்தான் ஓடியிருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான காலந்தொட்டு, 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் வேலை செய்த நாட்களையும் சேர்த்து, ஈயத்தில் வார்க்கிறவர்கள் கைமாறிக் கைமாறி வந்தார்கள். அவர்கள் கையில்தான் தமிழ் எழுத்துக்கு ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவும் வந்து சேர்ந்தன. எனவே ஒரே கனமுள்ள, கொடுக்கில்லாத எழுத்தை யாராவது 'நவீனம்' என்று கொண்டுவந்து காட்டினால், நம் பாட்டனார் ஓலையில் எழுதிய எழுத்தையே திரும்பக் கொண்டு வந்திருக்கிறார் என்று சந்தோஷமாக வரவேற்கலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. என் வழக்கு அகலத்தைப் பற்றியது.

மைக்ரோகிராம்மாவில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருந்தன என்று சொன்னேன். அதன் அழகின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. ரோமன் பெரிய எழுத்துகள் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நிற்கிற ரயில் பெட்டிகள் மாதிரி. எல்லாம் ஒரே உயரம். எதுவும் கூரைக்கு மேலே தலை நீட்டாது, தரைக்குக் கீழே கால் நீட்டாது. அவற்றை அகட்டினால் பெட்டி நீளும். ரயில் இன்னும் கம்பீரமாகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. நம் எழுத்து ஒரு கூட்டுக் குடும்பம். கி என்றால் கொக்கி மேலே போகிறது. கு என்றால் வளைவு கீழே போகிறது. மெய்யெழுத்துக்குத் தலைமேல் புள்ளி. அகலத்தில் பார்த்தால் ண, ஞ, ணை போன்றவை திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருக்கிற மாமாக்கள். ர, ட போன்றவை சுவரோரம் ஒடுங்கி நிற்கிற பிள்ளைகள். இவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி அகட்டுவதென்றால் என்ன ஆகும்?

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளிக்கூடத்தில் பாடம் பண்ணினோமே, அந்தச் சுழிகள் நெருக்கமான எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எத்தனை சுழி என்று எண்ண முடியாமல் அடைத்துப் போகும். அகலமான எழுத்தில் காற்றோட்டம் கிடைக்கிறது. ண பளிச்சென்று ண என்று தெரியும். ஞ, ஐ, ஜ போன்றவையும் அப்படியே. சுழியுள்ள எழுத்துகளுக்கு அகலம் வரப்பிரசாதம்.

இனி கெடுதல். ட என்பது ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு, அவ்வளவுதான். அதை அகட்டினால் படுத்த கோடு நீள்கிறது. அதற்கு மேலே ஒன்றுமில்லாத வெளி உண்டாகிறது. 'பட்டம்' என்று எழுதினால் நடுவே இரண்டு பள்ளம் விழுந்து, சொல் மூன்று துண்டாகத் தெரியும். வீட்டுக்கு நடுவே இரண்டு முற்றம் கட்டின மாதிரி. ப என்பது வாய் திறந்த பெட்டி. அதை அகட்டினால் தாம்பாளம் ஆகிவிடுகிறது.

இதைவிட மோசமானது ரகரத்தின் கதி. ரகரத்துக்கும் கால் என்று சொல்கிற நெடில் குறிக்கும் அச்சில் உள்ள வித்தியாசம், ரகரத்தின் அடியில் சாய்வாக வருகிற ஒரு சின்னக் கோடு. காலைக் குறுகலாக வைப்பதும், ரகரத்துக்கு அந்த அடிக்கோட்டைக் கொடுப்பதும் சேர்ந்துதான் இரண்டையும் பிரிக்கின்றன. அகன்ற எழுத்து வரைகிறவர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு அகட்டினால் கால் ரகரமாகிவிடும். அகட்டாமல் விட்டால், பெரிய பெட்டிகளுக்கு நடுவே அது கம்பு மாதிரி தனியாக நிற்கும். சிலர் கீழ்க்கோடு சமதளமாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் ரகரத்தின் அடியையும் வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் 'பாரதி' என்ற பெயரைப் படிப்பதற்கே பாரதியை முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஓலைச் சுவடிகளில் ரகரமும் காலும் ஒரே வடிவம். மெய்க்குப் புள்ளியும் வைப்பதில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து சொற்களை மீட்டெடுக்க உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஆயுளையே செலவிட்டார்கள். எதிர்காலத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறியவர் இறங்குகிற இடம் ஏட்டுக் காலமாக இருக்கிறது!

கொக்கிகளின் கதையும் இதுதான். தட்டையான, அகன்ற தோற்றம் வேண்டுமென்றால் மேலே எழும்புகிறதையும் கீழே இறங்குகிறதையும் அமுக்கியாக வேண்டும். 'விடு' என்பதும் 'வீடு' என்பதும் தலைக்கு மேலே உள்ள ஒரு சின்னச் சுழியில்தான் வேறுபடுகின்றன. அந்தச் சுழியை அமுக்கிச் சதுரமாக்கினால் வீடு போய்விடுகிறது. நாவல் வாசிக்கிறவர்களுக்கு இந்த நஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நீளத்தைப் பற்றி. அகன்ற எழுத்து புகழ் பெற்ற இடங்களை யோசித்துப் பாருங்கள். ஹால் என்ற கம்ப்யூட்டரின் பெயருக்கு ரோமனில் மூன்று எழுத்து. கம்பெனிப் பெயர் என்றால் நான்கு, ஐந்து எழுத்து. சொல் குட்டையாக இருந்தால்தான் எழுத்து காலை நீட்டலாம். தமிழ்ச் சொல்லோ ஒட்டிக்கொண்டு ஒட்டிக்கொண்டு போகிற சொல். ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். முட்டம் என்றால் நான்கு எழுத்து, தாராளமாக அகட்டலாம். குளச்சல் ஐந்து, பாதகமில்லை. மண்டைக்காடு ஆறு, கொஞ்சம் இடிக்கும். மணவாளக்குறிச்சி ஒன்பது எழுத்து. அதில் ஒரு ணகரம், வகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால், கீழே இறங்குகிற கு, மேலே எழும்புகிற றி, சி, இரண்டு புள்ளி. சோதனை வைக்கிறவர் யோசித்து வைத்த வினாத்தாள் மாதிரி எல்லாச் சிக்கலும் அந்த ஒரு பெயரில் இருக்கிறது. இதை அகன்ற எழுத்தில் பஸ்ஸின் முன்பலகையில் எழுதவேண்டும் என்றால் இரண்டு வழிதான் உண்டு. எழுத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது ஊரின் பெயரை வெட்ட வேண்டும். முதலாவது செய்தால் தூரத்திலிருந்து தெரியாது. இரண்டாவதைச் செய்ய எந்த ஊர்க்காரரும் சம்மதிக்க மாட்டார்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கக்கூடாது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால வேளையில் நின்று பாருங்கள். மீன் விற்ற பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கிழவி, "மக்களே, இந்த வண்டி மணவாளக்குறிச்சிக்குப் போவுமா?" என்று பக்கத்தில் நிற்கிற காலேஜ் பையனைக் கேட்பாள். அவளுக்கு எழுத்தே தெரியாது என்று எல்லாச் சமயத்திலும் சொல்லிவிட முடியாது. இந்த ஜில்லாவின் அன்றைய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் முதல் தேதி வரைக்கும் மலையாள ராஜ்யத்தோடு இருந்தவை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தமிழைப் போர்டுகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவர்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஊர்ப் பலகைதான் பாடப்புத்தகம். பலகையிலும் பத்திரிகையிலும் ஒரே ரகரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த ரகரம் மனசில் நிற்கும். அலங்காரத்துக்காக ரகரத்தை மாற்றினால் வேகமாகப் படிக்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. நாம் பாதி எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்தான் வண்டியைத் தவற விடுவார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் கீழே உள்ள ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். தமிழ் மாத்திரம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தமிழ் எழுத்து. அதுவும் அவர்களுக்குப் புரியாவிட்டால் பின்னே யாருக்காக அதை எழுதி வைப்பது?

சினிமா விளம்பரங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இயந்திர மனிதன், விண்வெளி என்று கதை வந்தால் சுழியைச் சதுரமாக்கி, கோட்டை நடுவே வெட்டி, இரும்புத் தகடு மாதிரிப் பளபளப்புப் பூசித் தலைப்பு எழுதுகிறார்கள். அது தலைப்பு, பத்துத் தடவை பார்க்கும்போது பழகிவிடும். படத்தின் பெயர் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் ஒன்று சொல்லலாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, எதிர்காலத்தில் நடக்கிற அந்தக் கதையை வாசகர்கள் மற்றக் கதைகள் அச்சாகிற எழுத்திலேயே வாசித்தார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய் அந்தச் சாதாரண எழுத்துக்குள்ளிருந்தே குதித்து வெளியே வந்தது. யாருக்கும் எதிர்காலம் குறைந்துபோனதாகத் தோன்றவில்லை. கதையில் எதிர்காலம் இருந்தால் எழுத்தில் அது வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழில் அகன்ற எழுத்தே கூடாது என்று நான் தீர்ப்புச் சொல்லுகிறேனா? இல்லை. அகலத்தை யோசனையோடு கையாண்டவர்களும் இருக்கிறார்கள். பம்பாயில் எக் டைப் என்ற எழுத்து வரைகிற குழு 2022-ல் 'அநேக்' என்ற எழுத்துக் குடும்பத்தை வெளியிட்டது. அநேக் என்றால் நம்முடைய அநேகம்தான். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளி, தேவநாகரி, ரோமன் உள்படப் பத்து லிபிகள். மருந்துக் குளிகை மாதிரிப் பக்கம் நேராகவும் முனை உருண்டையாகவும் உள்ள வடிவம் அதற்கு ஆதாரம். நோவரேஸேயின் டெலிவிஷன் பெட்டிக்கு ஒருவகையில் பங்காளி என்று சொல்லலாம். ஆனால் அதில் முக்கியமான விசேஷம் ஒன்று உண்டு. எழுத்தின் கனத்தை மாற்றலாம் என்பதோடு, அகலத்தையும் மாற்றலாம். சாதாரண அகலத்தை நூறு என்று வைத்தால், எழுபத்தைந்து வரைக்கும் ஒடுக்கலாம், நூற்றிருபத்தைந்து வரைக்கும் விரிக்கலாம். நடுவே எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். யாரும் விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் பையன் கம்ப்யூட்டரில் எழுத்தை மௌஸால் பிடித்து இழுத்து அகட்டுகிறானே, அப்படி இழுத்தால் எல்லாக் கோடும் கண்மூடித்தனமாக நீளும். நிமிர்ந்த கோடு தடித்துப் போகும், படுத்த கோடு மெலிந்தபடியே நிற்கும். ரகரமும் காலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அநேக் போன்ற எழுத்தில் ஒடுக்கமானதையும் அகன்றதையும் தனித்தனியே கையால் வரைந்து வைத்திருக்கிறார்கள்; நடுவில் உள்ளதை மட்டும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்கிறது. எந்த எழுத்தை எவ்வளவு அகட்டலாம் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குத்தான் என் நமஸ்காரம். மௌஸ் பிடித்து இழுப்பதற்கு எந்த யோசனையும் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்கு அது தெரியவும் செய்கிறது.

இதே ரீதியில் பிரியா ரவிச்சந்திரன் வரைந்த 'காட்டமரன்' என்ற எழுத்தையும் சொல்ல வேண்டும். கட்டுமரம் என்ற நம் சொல் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் அந்த உருவம் எடுத்தது. அந்தப் பெயரையே எழுத்துக்கு வைத்திருக்கிறார். தமிழும் ரோமனும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்க வேண்டும் என்று சேர்த்தே வரைந்தது. ஒன்பது கனங்கள் உண்டு. அகட்டிக்கொண்டு எதிர்காலம் காட்டுகிற எழுத்து அது இல்லை. பெயருக்கேற்றபடி தேவைக்கு மேல் ஒரு கட்டையும் சேர்க்காமல் கட்டின எழுத்து. முட்டத்திலும் கடியபட்டணத்திலும் கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். கட்டுமரம் எதிர்காலத்தைப் போல் தோன்ற வேண்டும் என்று யாரும் கட்டுவதில்லை. கடலில் போய்த் திரும்பி வரவேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். அந்த உருவத்தை உலகமே பிற்பாடு எடுத்துக்கொண்டது.

இளம் சித்திரக்காரர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வரலாம். "நீங்கள் பழைய வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள். எழுத்து மாறவே கூடாதா?" என்று கேட்கலாம். மாறலாம், மாறியும் இருக்கிறது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1978-ல் தமிழ்நாடு அரசாங்கம் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றி உத்தரவு போட்டது. தும்பிக்கை வைத்த லை, னை எல்லாம் போய்விட்டன. அந்த யானைகள் மேல் பிரியம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாறுதலில் ஒரு நியாயம் இருந்தது. குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவம் குறைந்தது; அச்சுக் கோக்கிறவரின் பெட்டியில் அறைகள் குறைந்தன. படிக்கிறவனின் சுமையை இறக்குகிற மாறுதலுக்கு எல்லாரும் தோள் கொடுக்க வேண்டும். கடைக்காரரின் கௌரவத்துக்காகப் படிக்கிறவன் தலையில் சுமையை ஏற்றுகிற மாறுதலை மட்டும்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆக என் முடிவு இது. அகன்ற எழுத்துக்குத் தமிழில் இடம் உண்டு. ஆனால் அது சின்ன இடம். மூன்று நான்கு எழுத்துள்ள கடைப்பெயர், சினிமாத் தலைப்பு, பத்திரிகையின் முகப்பு ஆகியவற்றில் அது நன்றாக உட்காரும். சுழி நிறைந்த எழுத்துகள் அமைந்த பெயராக இருந்தால் மிகவும் நன்றாகவே உட்காரும். ரகரமும் காலும் பக்கத்துப் பக்கத்தில் வருகிற பெயருக்கு அது ஆகாது. புத்தகத்தின் உள்பக்கத்துக்கு ஒருநாளும் ஆகாது. பஸ்ஸின் பெயர்ப் பலகை, ஆஸ்பத்திரியின் அறிவிப்பு, ரேஷன் கடையின் விலைப்பட்டியல் ஆகியவற்றின் பக்கம் அது வராமல் இருப்பது தர்மம். அநேக் போன்ற எழுத்தின் பெருமையும் அது எவ்வளவு அகலும் என்பதில் இல்லை. முட்டத்துக்கு விரிந்து கொடுத்து, மணவாளக்குறிச்சிக்கு ஒடுங்கிக் கொடுத்து, இரண்டு ஊரையும் ஒரே பலகையில் ஒரே உயரத்தில் எழுத முடிகிறது என்பதுதான் அதன் பெருமை. அப்படி எழுதும்போது நீளமான பெயருள்ள ஊர் சின்ன எழுத்தில் சிறுமைப்படுவதில்லை.

எழுத்து வரைகிறவர்களுக்கும் போர்டு எழுதுகிறவர்களுக்கும் ஒரு யோசனை சொல்லி முடித்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு தமிழ் எழுத்தை வரைந்தால் அதில் முதலில் உங்கள் பெயரை எழுதிப் பார்க்காதீர்கள், அழகாகத்தான் தோன்றும். மணவாளக்குறிச்சி என்று எழுதிப் பாருங்கள். எழுதி, பத்து வீட்டுத் தூரத்தில் மாட்டிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நிற்காமல் வாசித்துவிட்டால் அந்த எழுத்தை எந்தக் காலத்துக்கும் கொண்டு போகலாம்.